உதடு மரத்தாச்சு, பல் மரக்கவில்லை: வலியோடு வரும் ரூட் கேனாலில் மரப்பு ஊசி தவறும் இடங்கள்

கீழ் வரிசையில் முதல் கடைவாய்ப்பல். மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை. ஜில்லென்று ஒரு வாய் தண்ணீர் பட்டால் காது வரைக்கும் தெறிக்கிறது, அடங்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அந்த அம்மாவுக்கு ப்ளாக் போட்டேன், அதாவது தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போடும் மரப்பு ஊசி. பத்து நிமிஷத்தில் "உதடு கட்டை மாதிரி ஆயிடுச்சு டாக்டர்" என்றார். ரப்பர் டேம் (பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டி, ஏரோட்டரை (பல்லைத் துளைக்கும் கருவி) எடுத்து எனாமலைத் தாண்டினேன். அதற்கு அடியில் உள்ள டென்டினைத் தொட்ட கணம் அவர் உடம்பு நாற்காலியை விட்டு எழும்பியது. கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் போனது. நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அது. உதடு மரத்தால் பல்லும் மரத்துவிடும் என்று முழுசாக நம்பியிருந்தேன்.

புதிதாக கிளினிக்கில் உட்காரும் பல் மருத்துவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளி என்ன சொல்கிறார் என்பதிலிருந்து தொடங்கி, எங்கே தவறியிருக்கும், அடுத்து என்ன செய்வது என்று போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது: வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் வலிக்கிறது. "ஊசி போட்டாச்சே, இனி எப்படி வலிக்கும்?" என்று கேட்பது அவருடைய வலியை மறுப்பது.

ஊசியை எடுப்பதற்கு முன்

பல்லை ஐஸ் வைத்துப் பாருங்கள். ஸ்ப்ரே இருந்தால் பஞ்சு உருண்டையில் அடித்து வைக்கலாம். இல்லாவிட்டால் ஊசியின் பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் நிமிர்த்தி வைத்தால், காலையில் பென்சில் மாதிரி ஒரு ஐஸ் குச்சி தயார். உள்ளங்கையில் ஒரு நொடி உருட்டினால் மூடியிலிருந்து வழுக்கி வரும். பல்லைத் துடைத்துக் காயவைத்து, பக்கத்தில் காட்டன் ரோல் வைத்து, ஈறுக்குச் சற்று மேலே அந்தக் குச்சியைத் தொடவையுங்கள். எவ்வளவு நேரம் வலி நின்றது என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஊசிக்குப் பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்யப்போகிறோம். முன்னால் பார்க்காதவருக்குப் பின்னால் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

சிலர் கையில் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். குளிர்ச்சி பட்டால்தான் அவர்களுக்கு வலி அடங்கும், சூடுதான் ஆகாது. அழற்சி முற்றிய பல் அது. அவர்களிடம் ஐஸ் ஒன்றும் சொல்லாது. அழுகிப்போன பல்லிலும், கேப் போட்ட பல்லிலும் அப்படியே. அங்கெல்லாம் மெல்லிய முதல் தொடுதலில் அவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் மாத்திரை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரினால் கிளம்பும் ஆஸ்துமா, கர்ப்பம் இவையெல்லாம் இல்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகு, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஐபுபுரூஃபன் 400 முதல் 600 மி.கி. கொடுத்தால் ப்ளாக் பலிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அழற்சியில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின்கள்தான் நரம்பு முனைகளைக் கிளப்பிவிட்டு வைத்திருக்கின்றன. அந்தக் கொதிப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு ஊசி போடுகிறோம். வரவேற்பறையில் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதும். ஆன்டிபயாட்டிக் கொடுத்து நாலு நாள் கழித்து வரச் சொல்வதால் பல்ப் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் சதை) அழற்சி வலி குறையாது. அந்த நாலு நாளும் அவர் தூங்காமல் கிடப்பார், அவ்வளவுதான்.

மருந்துக் குப்பியின் (வயல்) லேபிளையும் படியுங்கள். நம் ஊரில் 30 மி.லி. வயலும் டிஸ்போசபிள் சிரிஞ்சும்தான் இன்னும் பல கிளினிக்குகளில். அட்ரினலின் கலந்த 2% லிக்னோகெயின் மரப்பு மருந்தும், கலக்காததும் அலமாரியில் அருகருகே நிற்கும். கலக்காததைப் போட்டால் உதடு கொஞ்ச நேரம் மரக்கும், பல்ப் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. வெயில் படும் ஜன்னலோரத்தில் கிடந்து நிறம் மாறிய வயலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அட்ரினலின் கெட்டுப்போன அடையாளம் அது.

கடைசியாக, "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவேன்" என்று சொல்லுங்கள். தூக்கும்போது உண்மையிலேயே நிறுத்துங்கள்.

"கால் மணி நேரம் ஆச்சு, உதடே மரக்கல டாக்டர்"

இது ப்ளாக் தவறிய கேஸ். மருந்து சரி, நோயாளியும் சரி, ஊசி முனை போய் நின்ற இடம்தான் சரியில்லை. பக்கத்தில் பத்து ஊசி போட்டாலும் பயனில்லை, ப்ளாக்கையே திரும்பப் போட வேண்டும்.

போடும்போது எலும்பு எங்கே தட்டுப்பட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சுமார் 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்ட வேண்டும். ஊசி பாதிகூடப் போகாமல் எலும்பு இடித்தால், முனை ரேமஸின் (கீழ்த்தாடை எலும்பில் மேல்நோக்கி எழும் பின்பகுதி) முன்பக்கமே நின்றுவிட்டது. லேசாகப் பின்னிழுத்து, சிரிஞ்சின் உடலை எதிர்ப்பக்கக் கோரைப்பல் வரைக்கும் முன்னால் கொண்டுவந்து ஊசியை உள்ளே செலுத்துங்கள், போதிய ஆழம் போனதும் சிரிஞ்சைப் பழையபடி முன்கடைவாய்ப்பற்களின் மேல் திருப்புங்கள். எலும்பே தட்டவில்லை என்றால் முனை பின்னால் போய்விட்டது. சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கடைவாய்ப்பற்களை நோக்கிப் பின்னுக்கு நகர்த்துங்கள். எலும்பைத் தொடாமல் மருந்தைச் செலுத்தாதீர்கள். காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து போனால் அந்தப் பக்கத்து முகம் சில மணி நேரம் கோணிப்போகும், கண்ணிமை மூடாது. தானாகச் சரியாகிவிடும் என்று நமக்குத் தெரியும். கண்ணாடியில் முகத்தைப் பார்க்கும் நோயாளிக்கு அது தெரியாது.

உயரமும் முக்கியம். கீழ்ப்பற்களின் கடிக்கும் தளத்துக்கு 6 முதல் 10 மி.மீ. மேலே நுழைய வேண்டும். பழகாத கை எப்போதும் தாழ்வாகத்தான் போகும். தாழ்வாகப் போனால் நாக்கு மரக்கும், உதடு மரக்காது.

2 மி.லி. சிரிஞ்சோடு வரும் ஒரு அங்குல ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் நீளமே 25 மி.மீ.தான். தேவையான ஆழத்துக்குப் போனால் பிடி வரைக்கும் சதைக்குள் புதைந்துவிடும். உடைந்தால் வெளியே பிடித்து இழுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பயத்தில் கை பாதியிலேயே நின்றுவிடும், ப்ளாக்கும் தவறிவிடும். 27 கேஜ் நீள ஊசியும், மருந்து அடைத்த சிறு குழலைப் பொருத்தும் கார்ட்ரிட்ஜ் சிரிஞ்சும் வாங்குவது வீண் செலவு இல்லை. மருந்து ஏற்றுவதற்கு முன் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா பாருங்கள். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏற்றினால் வலி குறைவு, ப்ளாக்கும் நன்றாகப் பிடிக்கிறது.

இரண்டாவது முறையும் தவறினால் அதே இடத்தில் மூன்றாவது முறை குத்த வேண்டாம். ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கவ்-கேட்ஸ் 1973-ல் வெளியிட்ட முறை இருக்கிறது. வாயை அகலத் திறக்கவைத்து, காண்டைலின் (தாடை மூட்டில் அசையும் எலும்பு முனை) கழுத்தைக் குறிவைத்து உயரமாகப் போடுவது. நரம்பு கிளை பிரிவதற்கு முன்பே பிடித்துவிடும். பிடிக்க நேரம் கூட ஆகும் என்பதால் பொறுமை வேண்டும்.

"உதடு நல்லா மரத்துடுச்சு, பல்லைத் தொட்டா உயிர் போகுது"

அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மீளாத பல்ப் அழற்சி இருக்கும்போது, உதடு முழுக்க மரத்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பல்ப் மரப்பதில்லை. பாதி என்றால், ஒருவர் விட்டு ஒருவர். இதை அபூர்வமான சிக்கலாக நினைக்காமல், இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தே தயாராக வேண்டும்.

ஏன் என்று கேட்டால், "வீங்கிய இடத்தில் அமிலம் அதிகம், மருந்து வேலை செய்யாது" என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கணக்கு சரிதான். சாதாரணத் திசுவில் 7.4 என்ற பி.எச். அளவில் லிக்னோகெயினில் கால்வாசி நரம்புச் சவ்வைத் தாண்டும் வடிவத்தில் இருக்கும். பி.எச். 6-க்கு இறங்கினால் அது 1 சதவீதம் பக்கம் வந்துவிடும். சீழ் கட்டிய இடத்திலேயே ஊசி போடும்போது இந்த விளக்கம் பொருந்தும். ப்ளாக்கை நாம் பல்லிலிருந்து வெகு தூரத்தில், அழற்சியே இல்லாத இடத்தில் போடுகிறோம். அங்கே அமிலம் ஏது? அழற்சி பிடித்த பல்பின் நரம்பு இழைகளே மாறிவிடுகின்றன என்பதுதான் கூடுதல் பொருத்தமான விளக்கம். நரம்பில் மின்தூண்டலைக் கிளப்பும் சோடியம் வாயில்களில் ஒரு வகை லிக்னோகெயினுக்கு எளிதில் அடங்காது. அழற்சியில் அந்த வகை பெருகிவிடுகிறது. சும்மா இருக்கும்போதே இழைகள் சீறிக்கொண்டிருக்கும். பல நாள் வலியில் மூளைப்பக்கமும் கூர்மையாகிவிடும். இத்தோடு தூக்கமின்மை, பயம். உதட்டுக்குப் போகும் இழைகளில் இந்த மாற்றம் எதுவும் இல்லை, அதனால் உதடு சாதுவாக மரத்துவிடுகிறது.

ஆகவே உதடு மரத்ததும் டிரில்லை எடுக்காதீர்கள், ஐஸ் குச்சியை எடுங்கள். உதடு பத்து நிமிஷத்துக்குள் மரக்கலாம். பல்ப் மரக்கக் கால் மணி நேரமோ கூடவோ ஆகும். 15 நிமிஷம் கழித்து ஐஸ் வையுங்கள். கூசினால், வலித்தால், இன்னும் மரக்கவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் நல்ல அறிகுறி, அப்போதும் முழு உத்தரவாதம் இல்லை. முதல் தொடுதல் எப்போதும் மெல்லியதாகவே இருக்கட்டும்.

மரக்கவில்லை என்றால் என் வரிசை இது. முதலில் அந்தப் பல்லுக்கு நேராகக் கன்னப்பக்கத்தில் 4% ஆர்டிகெயின் ஒரு கார்ட்ரிட்ஜ் இன்ஃபில்ட்ரேஷன் (பல்லுக்குப் பக்கத்தில் போட்டு எலும்பு வழியே ஊற விடும் ஊசி). கீழ்த்தாடையின் வெளி எலும்பு கெட்டி, இன்ஃபில்ட்ரேஷன் ஏறாது என்பது லிக்னோகெயின் காலத்துப் பாடம். ஆர்டிகெயின் அந்த எலும்பைத் தாண்டி உள்ளே போவதில் லிக்னோகெயினைவிடத் தெளிவாக மேல். ப்ளாக்குக்கு மேல் துணையாகப் போட்டால் கணிசமான பேருக்கு இதோடு முடிந்துவிடும். ஐந்து நிமிஷம் காத்திருந்து திரும்ப ஐஸ். ப்ளாக்குக்கு மட்டும் நான் லிக்னோகெயினையே வைத்துக்கொள்கிறேன். ப்ளாக்கில் ஆர்டிகெயினால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. நாக்கு நரம்பில் நீண்ட நாள் மதமதப்பு வரலாம் என்ற விவாதமும் ஓயவில்லை.

அதிலும் அடங்காவிட்டால் லிகமென்ட் ஊசி. 30 கேஜ் குட்டை ஊசி, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மீசியலில் (பல்லின் முன்பக்கம்) ஒன்று, டிஸ்டலில் (பின்பக்கம்) ஒன்று, ஒவ்வொன்றிலும் 0.2 மி.லி. இதில் எல்லாமே எதிரழுத்தம்தான். கட்டைவிரல் தடையை உணர வேண்டும், ஈறு வெளுக்க வேண்டும். மருந்து சுலபமாக இறங்கினால் அது ஈறு வழியே வாய்க்குள் வழிகிறது. இடத்தை மாற்றுங்கள். அட்ரினலின் கலந்த மருந்துதான் இங்கே வேலை செய்யும். அரை நிமிஷத்திலேயே மரக்கும், சீக்கிரமே தேயவும் தொடங்கும். ஆக்சஸை (பல்புக்குப் போகும் வழியை) திறந்து பல்பை எடுக்க அந்த நேரம் போதும். ஈறில் சீழ் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

எலும்புக்குள் போடும் கருவி உங்களிடம் இருந்தால் அதைவிட உறுதியான துணை இல்லை. ஒட்டிய ஈறில் சின்னத் துளையிட்டு, ஸ்பாஞ்சு எலும்பில் நேராக மருந்தை விடுகிறோம். அட்ரினலின் சட்டென்று ரத்தத்தில் கலப்பதால் ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மாரடைப்பு என்றே நினைத்துப் பயந்துவிடுவார்கள். இதய நோயாளி என்றால் அட்ரினலின் இல்லாத 3% மெபிவகெயின் நல்லது.

"டிரில் பண்ணும்போது பரவால்ல, உள்ளே ஃபைல் போனதும் வலிக்குது"

பல்ப் அறை திறந்தாச்சு, ரத்தம் தெரிகிறது, ஃபைல் (வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) போகும் வேர்க் கால்வாய்க்குள் இன்னும் உயிர் இருக்கிறது. இங்கேதான் பல்புக்குள்ளேயே போடும் ஊசி. இதைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறேன். போடும் அந்த நொடி வலிக்கும், வேறு வழியே இல்லாத இடத்துக்குத்தான் அது.

திறப்பு சின்னதாக இருக்கும்போதே போட வேண்டும். ஊசி துளையில் இறுக்கமாகச் சிக்கினால்தான் அழுத்தம் ஏறும். இங்கே மரக்கவைப்பது மருந்தைவிட அழுத்தம்தான், வெறும் சலைன்கூட வேலை செய்யும். துளை பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு கால்வாய்க்குள்ளும் ஊசியை இறுகும்வரை இறக்கிப் போடுங்கள். "இரண்டு மூன்று நொடி சுரீரென்று இருக்கும், அதோடு முடிந்தது, என்னோடு சேர்ந்து மூன்று எண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். மரத்ததும் ஒரு கால் மணி நேரம் கிடைக்கும். அதற்குள் பல்பை முழுசாக எடுத்துவிட வேண்டும்.

"மேல் பல்லுதான், ரெண்டு ஊசி போட்டும் வலிக்குது"

மேல் கடைவாய்ப்பல் பெரும்பாலும் இன்ஃபில்ட்ரேஷனுக்கு மசிந்துவிடும். மசியாவிட்டால் அண்ண வேரைப் பாருங்கள். அது கன்னப்பக்க எலும்பிலிருந்து தள்ளி நிற்கிறது. அண்ணத்தில் 0.3 மி.லி. அளவு சேர்த்தால் போதும். முதல் கடைவாய்ப்பல்லின் மேலே கன்ன எலும்பின் முட்டு தடித்திருப்பவர்களுக்கு மருந்து ஏறுவதில்லை. அவர்களுக்கு அந்தப் பல்லின் முன்னும் பின்னும் பிரித்துப் போடுங்கள்.

"முதல்ல நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடி வலிக்குது"

தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மேல் தாடை இன்ஃபில்ட்ரேஷன் முக்கால் மணி நேரத்திலேயே விட ஆரம்பிக்கும், ஆனால் உதடும் கன்னமும் மரத்தபடியே இருக்கும். நீளமான சிட்டிங் என்றால் வலி திரும்புவதற்கு முன்பே அரை கார்ட்ரிட்ஜ் கூடுதலாகப் போடுங்கள். திரும்பிய வலியை அடக்குவது கடினம்.

"வாயே திறக்க வரல"

பாக்கு, பான் மசாலா போட்டு வாய் இறுகிப்போனவர்கள் நம் ஊரில் நிறைய. வாய் இரண்டு விரல்கூட நுழையாது. இவர்களுக்கு வாயை மூடியபடியே போடும் வசிராணி-அகினோசி ப்ளாக். மேல் கடைவாய்ப்பற்களின் ஈறும் கன்னச் சவ்வும் சேரும் கோட்டின் உயரத்தில், பற்களுக்கு இணையாக, ரேமஸின் உட்பக்கமாகச் சுமார் 25 மி.மீ. உள்ளே. இதில் எலும்பு தட்டாது, ஆழத்தை அளந்துதான் போக வேண்டும். அழற்சியாலோ தசைப்பிடிப்பாலோ மூடிய வாய் என்றால், மரத்தபின் கொஞ்சம் திறந்துகொடுக்கும். பாக்கால் நாரேறிய வாய் திறக்காது. ஃபைல் உள்ளே போகுமா என்று முதலிலேயே யோசியுங்கள்.

வீக்கத்தோடு வருபவருக்கு வீக்கத்துக்குள் ஊசி போடாதீர்கள். தள்ளி ப்ளாக் போட்டு, சீழை வெளியேற்றுங்கள். காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ, தாடைக்கு அடியில் கெட்டி வீக்கமோ இருந்தால் அது கிளினிக் கேஸ் இல்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எவ்வளவு வரைக்கும் போடலாம்

ஊசி மேல் ஊசி சேரும்போது கணக்கு கைவிட்டுப் போகும். 50 கிலோ எடை உள்ளவருக்கு, கிலோவுக்கு 4.4 மி.கி. என்ற கட்டுப்பாடான அளவில் 220 மி.கி. வரை. இரண்டு ப்ளாக் லிக்னோகெயின் 3.6 மி.லி. என்றால் 72 மி.கி. 1.7 மி.லி. ஆர்டிகெயின் கார்ட்ரிட்ஜ் ஒன்று 68 மி.கி. மொத்தம் 140. இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் அட்ரினலினைத் தனியாகப் பாருங்கள். 1:80,000 கரைசலில் ஒரு மி.லி.க்கு 12.5 மைக்ரோகிராம். அந்த 3.6 மி.லி.யில் மட்டும் 45. 1:100,000 ஆர்டிகெயினில் இன்னொரு 17. சேர்ந்து 62. ஆரோக்கியமானவருக்கு 200 வரை தாங்கும். இதய நோயாளிக்கு எல்லையே 40. இரண்டு ப்ளாக்கிலேயே தாண்டிவிட்டோம். புரோப்ரனலால் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், அதோடு அட்ரினலின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறும். காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மதமதப்பு, பேச்சுக் குழறல் வந்தால் அளவு மீறிய அடையாளம். உடனே நிறுத்தி ஆக்சிஜன் கொடுத்து, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

எதுவும் பலிக்காத நாள்

வரும். பல்ப் அறையைத் திறக்க முடிந்திருந்தால் மேல்பகுதிப் பல்பை மட்டும் எடுத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புங்கள். அதிலேயே பெரும்பாலோருக்கு அன்றிரவு தூக்கம் வந்துவிடும். கால்வாய்களை இன்னொரு நாள், அழற்சி தணிந்தபின் பார்க்கலாம். நரம்பைச் சாகடிக்கும் பேஸ்ட்டை மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். ஆர்சனிக்கோ பாராஃபார்மால்டிஹைடோ அடைப்பின் விளிம்பில் கசிந்தால் ஈறும் தாடை எலும்பும் கருகும். அப்படிக் கருகி, பக்கத்துப் பல்லும் ஆடிக்கொண்டு என்னிடம் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பல்லுக்காகப் போனவர் இரண்டு பல்லையும் கொஞ்சம் எலும்பையும் இழந்தார்.

அந்த அம்மாவுக்கு அன்று டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, லிகமென்ட் ஊசி போட்டுத்தான் முடித்தேன். அவருடைய கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "ப்ளாக் மட்டும் போதாது. மீசியல், டிஸ்டல் லிகமென்ட்டில் அடங்கியது." இரண்டு வருஷம் கழித்து எதிர்ப்பக்கப் பல்லோடு வந்தார். அதைப் பார்த்துவிட்டு, மாத்திரை, ப்ளாக், கன்னப்பக்கம் ஆர்டிகெயின் என்று முதலிலேயே வரிசையாகப் போட்டேன். 15 நிமிஷம் கழித்து ஐஸ் குச்சியை வைத்தேன். "என்ன வச்சீங்க?" என்று கேட்டார். அதன் பிறகுதான் ஏரோட்டரை எடுத்தேன்.